எல்லைக்கு இருமருங்கும் ஒரே அரங்கு

 

தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் இடையிலான கலையுறவு குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். இப்பொருளை எடுத்துக்கொள்வோர் பெரும்பாலும் தஞ்சைக்குச் சென்றுவிடுவர். விசயராகவ நாயக்கர் அவையில் சேத்திரய்யா பாடிய பதங்களும், திருவையாற்றில் தியாகராசர் இயற்றிய தெலுங்குக் கீர்த்தனைகளும் தாங்கள் அறிந்தவையே. நான் அவ்வளவு தொலைவு செல்லப் போவதில்லை.

1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது திருத்தணியும் திருவாலங்காடும் அதனுள் அடங்கின. காரைக்காலம்மையார் பதிகம் பாடிய ஆலங்காடு, நட்டபாடையும் இந்தளமும் ஒலித்த ஆலங்காடு, ஆந்திரத்திற்கு உரியதென்றால் தமிழ் நெஞ்சம் பொறுக்குமா? ம.பொ.சி.யும் கே. விநாயகமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கரின் பரிந்துரைப்படியும், 1960 ஏப்ரல் 1 அன்று இப்பகுதி நம்மிடம் வந்தது. அப்போராட்டம் நேரியதே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வருவாய்க் கணக்குக்கு வகுத்த கோட்டையே கலைக்கும் எல்லையாக நாம் கொண்டுவிட்டோமோ என்பதே என் கவலை.

திருத்தணி முற்காலத்தில் கார்வேட்டிநகர சமீனைச் சார்ந்திருந்தது. அந்நகரம் இன்று ஆந்திரத்தில் உள்ளது. அதன் அவையில் விளங்கியவர் சாரங்கபாணி. தம் ஊர்க் கோயிலின் வேணுகோபாலனையே முத்திரையாகக் கொண்டு பதங்கள் பாடியவர். சேத்திரய்யாவின் நாகரிகமான சொல்லாட்சிக்கு மாறாக, தெருவில் கேட்கும் பேச்சுமொழியையே பாட்டாக்கினார். கணவன் வந்து அழைக்க, காதலனிடம் விடைகேட்கும் ஒரு பெண்ணின் கூற்றாகச் சகானாவில் அவர் அமைத்த பதம் இசையுலகில் புகழ்பெற்றது. நம் அகத்திணை மரபு தலைவனின் பரத்தையிற் பிரிவைப் பேசும். தலைவிக்கு இவ்வுரிமையைக் கனவிலும் அளிக்காது! ஒப்பாய்வு செய்வார்க்கு இதனினும் நல்ல களம் ஏது? வர்ணங்கள் இயற்றிய கோவிந்தசாமய்யாவும் அவ்வூரினரே. திருத்தணி முருகன் சந்நிதியில்தான் முத்துசாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைப் பாடினார் என்பதை நம் மாணவர்கள் அறிவர். அண்டையில் வாழ்ந்த சாரங்கபாணியை அறியார்.

அவையை விட்டுத் தெருவுக்கு வருவோம். சித்தூர் மாவட்டத்துத் தருமராசர் கோயில்களில் பகலில் தெலுங்கில் பாரத அரிகதை, இரவில் கூத்து. நம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் வில்லிபாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. இரண்டிலும் அருச்சுனன் தபசுக்கு மரம் ஏறுகிறான், துரியோதனன் மண்ணுருவாய்ப் படுகளத்தில் கிடக்கிறான், இறுதியில் தீமிதி. சொல்லும் மொழி வேறு, நடக்கும் விழா ஒன்று. யார் யாரிடம் கடன் வாங்கினர் என்னும் வழக்கில் எனக்கு நாட்டமில்லை.

தமிழிசை இயக்கத்தை இவ்விடத்தில் சிலர் நினைவூட்டுவர். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எழுந்த கோரிக்கை நியாயமானது. தமிழ் நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்பதே அது. வீட்டில் தெலுங்கு பேசும் பெண்பிள்ளை தலைகுனிய வேண்டும் என்பதன்று.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. என் வகுப்பில் நாட்டுப்புறப் பாடல்கள் திரட்டச் சொன்னபோது மாணவி ஒருத்தி வெறுங்கையுடன் வந்தாள். தூண்டித் துருவிக் கேட்டபின், "பாட்டிக்குப் பாரதப் பாட்டு நிறையத் தெரியும் அம்மா, ஆனால் அது தமிழ் இல்லை" என்றாள். அப்பாட்டுகளைப் பாட்டியார் ஒரு பழைய நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருந்தார். நான் பார்க்க விரும்பியபோது, வீடு மாறுகையில் அதனைப் பழைய தாள்களோடு எடைக்குப் போட்டுவிட்டதாகத் தெரிந்தது.

தெலுங்குப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிய ஏடுகளும் நோட்டுகளும் இவ்வட்டாரத்து வீடுகளில் இன்னும் சில இருத்தல் கூடும். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இலக்கிய வட்டத்தார் அவற்றைத் தேடித் திரட்டி, படியெடுக்க வேண்டுகிறேன். தெலுங்கு அறிந்த நண்பர் ஒருவரையும் அக்குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மாணவிகளை நான் அனுப்பி வைக்கிறேன்.