கல்லீரலும் இதயமும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசாமல் உடல்நலத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நாம் பல்லாண்டுகள் அரசுப் பள்ளிகளில் பணியாற்றி வருகிறோம். பிள்ளைகள் படிப்பை இடையில் நிறுத்துவதற்கு வறுமை ஒரு காரணம் என்பதை அனைவரும் அறிவர். வருகைப் பதிவேட்டைக் கூர்ந்து பார்ப்பவர்க்கு மற்றொரு காரணமும் புலப்படும். தந்தை நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் மாரடைப்பால் மறைகிறார். அடுத்த மாதம் மூத்த மகன் பள்ளிக்கு வருவதில்லை. நம் குடும்பங்கள் பலவற்றில் மாதச் சம்பளம் வாங்குபவர் ஒருவரே. அந்த ஒருவரின் இதயம் நிற்கும்போது ஒரு வீட்டின் படிப்பும் நின்றுவிடுகிறது. ஆகவே இது கல்விக்குப் புறம்பான பொருளன்று.

மாரடைப்பு முன்னறிவிப்பின்றி வருவதாக நாம் எண்ணுகிறோம். பலருக்கு அது பல ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அறிவிப்பை அனுப்பிவிடுகிறது. வயிற்று வலிக்கென்று ஸ்கேன் எடுக்கச் சென்றவரிடம் தரப்படும் தாளில் "ஃபேட்டி லிவர், கிரேடு 1" என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த வரியைத்தான் சொல்கிறோம். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்பது அதன் பொருள். அந்த வரியை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதே இன்றைய நம் உரை.

குடிப்பவர் நோயா?

அந்த வரியைக் கண்டதும் சிலர் அஞ்சித் தாளை மறைத்துவிடுகின்றனர். கல்லீரல் நோய் என்றாலே குடி என்று ஊர் பேசும். அதிலும் நம் மக்களைப் பற்றி அவ்வாறு பேசுவது பலருக்கு எளிது. குடிக்காதவரும் அந்தப் பழிக்கு அஞ்சி மருத்துவரிடம் செல்வதில்லை. வேறு சிலரோ, "இது எல்லாருக்கும் இருப்பதுதானே" என்று தாளை வீசிவிடுகின்றனர். இவ்விரண்டும் தவறு.

1980 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த லுட்விக் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும், மதுவின் தொடர்பில்லாத நோயாளிகளின் கல்லீரலிலும் குடிப்பவர்க்கு ஏற்படுவது போன்ற கொழுப்பும் அழற்சியும் இருப்பதை எடுத்துக்காட்டினர். 2023 இல் உலக மருத்துவ அறிஞர்கள் இந்நோயின் பெயரையே மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு தொடர்புடையது என்று பெயரிட்டனர். அதாவது நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இரத்தக் கொழுப்பு, வயிற்றுப் பருமன் ஆகியவற்றின் உடன்பிறப்பே இது. 2022 இல் வெளியான இந்திய ஆய்வுத் தொகுப்பு ஒன்று, ஆய்வுக்கு உட்பட்ட பெரியவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. புலால் உண்பவர்க்கும் வருகிறது, உண்ணாதவர்க்கும் வருகிறது. இதில் இழிவென்று ஏதுமில்லை. மறைத்தலே கேடு.

ஆயினும் ஒன்று சொல்லியாக வேண்டும். கொழுப்பு படிந்த கல்லீரலின்மீது மதுவும் சேர்ந்தால் கேடு பன்மடங்காகும். மது காரணமன்று என்று சொன்னதை மதுவுக்கு உரிமம் என்று எவரும் கொள்ளற்க.

ஒல்லியானவர்க்கும் வருமா?

"நாம் உழைப்பவர்கள், இது பணக்காரர் நோய்" என்று கூறுவோர் உண்டு. மேற்கு வங்காளத்தின் சிற்றூர்களில் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. அங்குள்ள எளிய மக்களில் நூற்றுக்குச் சுமார் 9 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் உடல் பருத்தவர் அல்லர்.

இதற்கு ஒரு காரணம் நம் முன்னோரின் பசியில் இருக்கக்கூடும். தாயின் வயிற்றில் போதிய ஊட்டமின்றி எடை குறைவாகப் பிறந்த குழந்தைகள், வளர்ந்தபின் இதய நோய்க்கு மிகுதியாக ஆளாவதை இங்கிலாந்து நாட்டு மருத்துவர் டேவிட் பார்க்கர் 1989 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். புனே நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தோர், அக்குழந்தைகள் எடையில் சிறியனவாக இருந்தும், தசை குறைந்து கொழுப்பை மட்டும் காத்துக்கொண்டிருந்தன என்று 2003 இல் எழுதினர். பஞ்சத்திற்குப் பழகிய உடல், கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கக் கற்றுக்கொள்கிறது.

பாட்டனார் அரைவயிற்றுக் கஞ்சியோடு நாள் முழுதும் வயலில் நின்றார். பேரனோ மூன்று வேளையும் சோறு உண்டு நாற்காலியில் அமர்கிறான். அல்லது ஓட்டுநர் இருக்கையில் அமர்கிறான். உணவு மாறிற்று, உழைப்பு மாறிற்று, உடலின் பழக்கம் மாறவில்லை. படித்து முன்னேறும் நம் தலைமுறையே இதில் முதலில் அகப்படுகிறது.

கல்லீரலிலிருந்து இதயத்திற்கு

கல்லீரல் வலப்பக்க விலாவின்கீழ் அமைந்த, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு. உண்ட சோற்றின் சர்க்கரைச் சத்து குடலிலிருந்து நேரே செல்லுமிடம் அதுவே. குதிரில் நெல்லைக் கொட்டி வைப்பது போல் கல்லீரல் அச்சத்தைச் சேமித்து வைக்கிறது. குதிர் நிறைந்த பின்னும் வரத்து ஓயாவிடில் எஞ்சியதைக் கொழுப்பாக மாற்றுகிறது. வயிற்றுப் பகுதியில் சேர்ந்த கொழுப்பும் உருகி அங்கே வந்து சேர்கிறது. கல்லீரலில் கொழுப்பு 5 விழுக்காட்டிற்கு மேற்பட்டால் அது நோய் எனப்படும்.

அங்கிருந்து இதயத்திற்குத் தீமை மூன்று வழிகளில் செல்கிறது. முதலாவது, மிகுந்த கொழுப்பைக் கல்லீரல் இரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறது. ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு உயர்கிறது. நன்மை செய்யும் எச்.டி.எல். குறைகிறது, தீமை செய்யும் எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்ந்து, இரத்தக் குழாய்ச் சுவரில் எளிதில் புகுந்து தங்குகின்றன. இரண்டாவது, இன்சுலினின் கட்டளைக்குக் கல்லீரல் செவிசாய்ப்பதில்லை. போதும் என்று நிறுத்த வேண்டிய வேளையிலும் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இரவு உண்ணாதிருந்தும் காலையில் சர்க்கரை உயர்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம். மூன்றாவது, அழற்சியைத் தூண்டும் பொருள்களும், இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களும் மிகுகின்றன. மாரடைப்பு என்பது பெரும்பாலும் குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைப்பதேயாகும்.

கல்லீரல் ஒன்றே இதயத்தைக் கெடுக்கிறது என்று கூறுவதும் பொருந்தாது. இரண்டும் ஒரே வேரிலிருந்து எழுந்து, ஒன்றையொன்று வளர்க்கும் கேடுகள். ஆனால் ஓர் உண்மையை மனத்தில் பதிக்க வேண்டும். இந்நோய் உள்ளோரின் இறப்புக்கு முதற்காரணம் கல்லீரல் நோயன்று. இதய நோயும் இரத்தக் குழாய் நோயுமே. ஆகவே ஸ்கேன் தாளில் கல்லீரலைப் பற்றி எழுதியிருந்தாலும், அதை இதயத்திற்கு வந்த எச்சரிக்கை என்றே படிக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

அந்தத் தாள் கிடைத்தவர் இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக் கொழுப்பு ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "கிரேடு 1" என்பது கொழுப்பின் அளவைக் குறிக்குமேயன்றிக் கல்லீரலில் தழும்பு விழுந்ததா என்பதைக் கூறாது. வயது, இரத்தத் தட்டணுக்கள், இரு கல்லீரல் நொதிகள் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் அதனைக் கணக்கிட்டறிவர். மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே மைய அரசும் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் கொழுப்புக் கல்லீரலைச் சேர்த்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிலை மிதிக்க நாம் தயங்கலாகாது.

அடுத்தது எடை. உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் கல்லீரலின் கொழுப்புக் குறைகிறது. 7 விழுக்காடு குறைந்தால் அழற்சி தணிகிறது. 10 விழுக்காடு குறைந்தால் தழும்பும் ஆறத் தொடங்கலாம். 70 கிலோ எடையுள்ளவர்க்கு இவை மூன்றரை, ஐந்து, ஏழு கிலோ. ஒரே மாதத்தில் பட்டினி கிடந்து குறைப்பதன்று. ஓராண்டில் நிதானமாகக் குறைப்பது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருத்தல் நலம்.

உணவில் முதலில் பார்க்க வேண்டியது தேநீர்க் கோப்பை. நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை எனில், மாதத்தில் ஒரு கிலோவிற்கு மேல் தேநீரிலேயே கரைகிறது. புட்டிக் குளிர்பானம் அதனினும் கேடு. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் கீரையும் காயும் பயறும் நிரப்பட்டும். அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கேழ்வரகை அள்ளி உண்பதால் பெரும்பயன் இல்லை. மீனோ இறைச்சியோ பொரிக்காமல், கொழுப்பை நீக்கிக் குழம்பாக உண்ணலாம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி விரைந்து நடத்தல் எடை குறையாதவர்க்கும் நன்மை தரும். பீடி, சிகரெட்டு, மது ஆகியவற்றை விட வேண்டும்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். கொழுப்பைக் குறைக்க மருத்துவர் தந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்குமென்று அஞ்சிப் பலர் தாமே நிறுத்திவிடுகின்றனர். ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் கொழுப்புக் கல்லீரல் உள்ளோர்க்கும் பெரும்பாலும் தீங்கற்றவை, இதயத்தைக் காப்பவை. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. அவ்வாறே, கல்லீரலைக் கழுவித் தூய்மையாக்கும் என்று விற்கப்படும் மருந்துகளையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

நெஞ்சில் பாரம், இடக்கையிலும் தாடையிலும் வலி, குளிர்ந்த வியர்வை தோன்றினால் வாயு என்று எண்ணிச் சோடா குடித்துக் காத்திருத்தல் கூடாது. உடனே 108 ஐ அழைக்க வேண்டும். நெஞ்சு வலியோடு வருவோர்க்கு முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தருவதற்காக 2023 இல் தமிழக அரசு "இதயம் காப்போம்" திட்டத்தைத் தொடங்கியது. கடந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் இழப்பு.

இளைஞர்களே! அண்ணல் அம்பேத்கர் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவால் மிகவும் வருந்தினார். 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தபோது அவருக்கு அகவை 65. அவர் இன்னும் பத்தாண்டு வாழ்ந்திருந்தால் நமக்கு எத்துணை பெரும்பேறு கிடைத்திருக்கும்! ஒரு வாழ்நாள் குறுகினால் அதன் இழப்பு பலருக்கு என்பதை நம்மினும் அறிந்தவர் யார்?

இந்தச் சங்கம் கால் நூற்றாண்டாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிற்று. இனி ஆண்டுக்கு ஒருமுறை, நம் மாலை வகுப்பு நடக்கும் இடத்திலேயே, முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரின் இடுப்பளவும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் குறித்துவைக்க ஒரு பதிவேட்டைத் தொடங்குமாறு வேண்டுகிறோம். சுகாதாரச் செவிலியரை அழைத்தால் வருவர். படித்த இளைஞர் இருவர் எழுதுகோலுடன் அமர்ந்தால் போதும். பள்ளிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் நிலைக்க வேண்டுமாயின், இந்தப் பதிவேட்டில் தந்தையின் பெயரும் தாயின் பெயரும் ஏற வேண்டும்.