அஞ்சு நாள் ஊர்

('மனித உறவுகளைப் பெரிதும் வளர்த்தது கப்பலே! விமானமே!' என்னும் பட்டிமன்றத்தில் 'கப்பலே' அணியில் பேசியது)



நடுவர் அவர்களே, நான் இருக்கிறது மதுரை திருநகர். எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாய். அதை விட்டால் மாரியம்மன் தெப்பக்குளம். வைகையில் தண்ணி வந்துட்டா, வேலைவெட்டியைப் போட்டுட்டுப் பாலத்து மேலே நின்னு வேடிக்கை பார்க்கிற ஊர் எங்க ஊர். அப்படிப்பட்ட ஊர்க்காரனைக் கூப்பிட்டு, 'நீங்க கப்பலைப் பத்திப் பேசுங்க'ன்னுட்டீங்க. (சிரிப்பு) ஆனாலும் பேசுவேன். ஏன்னா எங்க குடும்பத்துக்கு ஒரு சொந்தக்காரரைக் கொடுத்ததே ஒரு கப்பல்தான். அவரைக் கடைசியிலே கூட்டிட்டு வர்றேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி கேட்டார்கள்: "நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர் போயிடலாம். வாரக்கணக்கில் கடலில் கிடந்து வாந்தி எடுக்கிறதிலே என்ன உறவு வளரும்?" என்று. நல்ல கேள்விதான். ஆனா அம்மா, விமானத்திலே பக்கத்து சீட்டுக்காரர் உங்ககிட்டே பேசுகிற ஒரே வாக்கியம் என்ன? 'கொஞ்சம் எந்திரிங்க, பாத்ரூம் போகணும்.' (பலத்த சிரிப்பு) போயிட்டு வந்து உட்கார்ந்தால் அதோடு அந்த உறவு முடிஞ்சது!

கப்பல் அப்படி இல்லை. 'ரஜூலா'ன்னு ஒரு கப்பல். இந்த அரங்கத்திலே நரைத்த தலை உள்ளவர்கள் சிலர் நிமிர்ந்து உட்காருவது எனக்குத் தெரிகிறது. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் நம்ம ஜனங்களைச் சுமந்தது. தொடக்கத்தில் அதற்குக் கொடுத்திருந்த அனுமதி என்ன தெரியுமா? ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகள்! ஐயாயிரம் பேர் என்றால் அது கப்பலா? மிதக்கிற ஊர் ஐயா!

மேலே கேபினிலே துரைமார் இருப்பார்கள். அவர்களை விடுங்கள், அவர்கள் கதையை எழுதப் புத்தகம் நிறைய இருக்கு. நான் சொல்வது டெக்கு டிக்கெட்டுக்காரனை. அவனுக்குக் கட்டில் கிடையாது, அறை கிடையாது. பாய் விரிக்கிற இடம்தான் அவன் வீடு. டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்தால் அது சுவர். வேட்டியைக் குறுக்கே கட்டினால் அது கதவு. ஏணிப்படி ஏறி உள்ளே வந்ததும் என்ன நடக்கும்? நம்ம பெரியார் பஸ் ஸ்டாண்டிலே ஜன்னல் வழியா துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதேதான்! (சிரிப்பு) காற்று வருகிற இடத்துக்கு அடிதடி. என்ஜின் சூடு தாக்குகிற இடம் ஏமாந்தவனுக்கு.

அடுத்த நாள் விடியுமுன்னே கப்பல்காரர்கள் குழாயைத் திருப்பி விட்டு டெக்கைக் கழுவ வந்துவிடுவார்கள். பாயைச் சுருட்டாதவன் பாயோடு குளிப்பான். அவன் அசந்து தூங்கினால் பக்கத்தில் இருக்கிறவன் சுருட்டித் தரணும். நேற்று இடத்துக்காகச் சட்டையைப் பிடித்தானே, அவன்தான் இன்றைக்குச் சுருட்டித் தருவான். வேறு ஆள் ஏது? கீழே இறங்கிப் போக இடமில்லை பாருங்க! ஊரிலே சண்டை போட்டால் பக்கத்துத் தெருவுக்குப் போயிடலாம். கப்பலிலே பக்கத்துத் தெரு வங்காள விரிகுடா. (சிரிப்பு, கைதட்டல்)

குளிக்க உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்காது. சமைக்கிறவருக்குப் பண்டாரி என்று பேர். அவர் சட்டியைத் தட்டினால் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை. அந்த வரிசையிலே எவன் முன்னே, எவன் பின்னே என்று ஊர் வழக்கமெல்லாம் பார்க்க முடியாது. ஊரிலே ஒரே கிணற்றில் தண்ணி எடுக்க விடாதவர்கள், கப்பலிலே ஒரே குழாயில் வாயை வைத்துக் குடித்தார்கள். கரை ஏறியதும் மறந்தார்களா என்றால், பல பேர் மறந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் அஞ்சு நாளைக்காவது மறக்க முடியாமல் வைத்திருந்தது கப்பல்.

இன்னொன்று சொல்வார்கள். கிழக்கே போகும்போது ராத்திரியில் கடிகாரத்தை அரை மணி முன்னால் திருப்பி வைப்பார்களாம். மறுநாளோ அதற்கு மறுநாளோ இன்னொரு அரை மணி. அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பினாங்கு வரும்போது உன் கடிகாரமும் அந்த ஊர்க் கடிகாரமும் ஒன்றாகியிருக்கும். உடம்பும் பழகியிருக்கும், மனசும் பழகியிருக்கும். இப்ப விமானத்திலே இறங்கினால் கடிகாரம் சிங்கப்பூரில் இருக்கு, வயிறு மதுரையிலே இட்லி கேட்குது! (சிரிப்பு)

எதிரணி நண்பர் ஒருவர் கோபமாகக் கேட்டார், "ஒப்பந்தக் கூலிகளை ஆடுமாடு மாதிரி அடைத்துக்கொண்டு போன கப்பலைப் பற்றியா பெருமை பேசுகிறீர்கள்?" என்று. இல்லை ஐயா. பெருமை பேசவில்லை. 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 அக்டோபர் 12-ல் சென்னையை விட்டுப் புறப்பட்டது. நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன். அஞ்சு வாரம்! ஏறத்தாழ முந்நூற்று நாற்பது பேர், கரும்புத் தோட்டத்துக்கு. மலேயாவுக்குப் போன டெக் பயணிகளைப் பினாங்குக்குப் பக்கத்திலே ஜெரஜாக் என்ற தீவில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று நாள் கணக்கில் அடைத்து வைத்தார்கள். கேபின்காரனை இல்லை, டெக்குக்காரனை! இதெல்லாம் கொடுமை. மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொடுமை செய்தவன் முதலாளி, கப்பல் இல்லை.

அந்தக் கொடுமைக்குள்ளேயும் ஒன்று முளைத்தது பாருங்கள். கல்கத்தாவிலிருந்து பிஜிக்கும் டிரினிடாடுக்கும் போன ஜனங்கள் தங்களுக்குள்ளே 'ஜஹாஜி பாய்' என்று ஒரு முறை வைத்துக் கூப்பிட்டார்கள். ஜஹாஜ் என்றால் கப்பல். கப்பல் சகோதரன்! ஒரே கப்பலில் வந்தவன் கூடப் பிறந்தவன் மாதிரி. அவன் பிள்ளைக்கும் இவன் பிள்ளைக்கும் கல்யாணம் பேசக்கூடத் தயங்கினார்கள், அண்ணன் தங்கை ஆயிற்றே என்று. உலகத்திலே 'விமானச் சகோதரன்' என்று ஒரு உறவு உண்டா? தேடிச் சொல்லுங்கள், இப்பவே உட்கார்ந்துவிடுகிறேன். (நீண்ட கைதட்டல்)

புலவர் ஒருவர் எதிரணியிலிருந்து மணிமேகலைக்கே போய்விட்டார். ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பலில் போனான், கப்பல் உடைந்தது, செத்துவிட்டான் என்று தப்பி வந்தவர்கள் சொல்ல, அந்தப் பெண் தீயிலே இறங்கினாள், இதுதான் கப்பல் வளர்த்த உறவா என்றார். ஐயா, மீதிக் கதையை யார் சொல்வது? பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு கரை ஒதுங்கியவன், நாகர் மலையிலே, அந்த மக்களின் மொழி தெரிந்ததனால் உயிர் பிழைத்தான். கொல்ல வந்தவர்கள் நண்பர்கள் ஆனார்கள். அப்புறம் அவன் எதிலே வீடு திரும்பினான்? சந்திரதத்தன் என்ற வணிகனுடைய கப்பலில்! பிரித்த கப்பலைச் சொன்ன புலவர் சேர்த்த கப்பலை விட்டுவிட்டார். பாடம் நடத்தும்போதும் இப்படித்தான் பாதியிலே மணி அடித்துவிடுமோ என்னவோ! (சிரிப்பு)

அடுத்து, "இப்ப சொகுசுக் கப்பல் இருக்கே, 2022-ல் சென்னையிலிருந்தே விட்டார்களே, அதிலே எந்த உறவு வளர்ந்தது?" என்றார்கள். நியாயம்தான். நீச்சல் குளம் இருக்கிறதாம், ஆட்டம் பாட்டம் எல்லாம் இருக்கிறதாம். கடல் நடுவிலே கப்பல், கப்பல் நடுவிலே குளம்! (சிரிப்பு) ஆனா அதிலே எவனும் எங்கேயும் போகவில்லை. ஏறின இடத்துக்கே திரும்பி வருவதற்குப் பேர் பயணமில்லை, ராட்டினம்.

ரஜூலா 1974-ல் உடைக்கப்பட்டது. அதற்குப் பின் ஓடியது 'சிதம்பரம்'. பிரெஞ்சுக்காரர்களிடம் 'பாஸ்தேர்' என்ற பெயரில் இருந்த கப்பலை நம்ம இந்தியக் கப்பல் கழகம் வாங்கிச் சிதம்பரம் என்று பேர் வைத்தது. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் தீப்பிடித்தது. பல பேர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பலின் கதை முடிந்தது. அதற்குப் பின் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு அப்படி ஒரு வழக்கமான பயணிகள் கப்பல் இல்லை.

இப்ப என் கதைக்கு வர்றேன். சகோதரி சொன்ன ஒரு வாதத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "ஒரு சாவுக்குக் கப்பலில் வந்து சேர முடியுமா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி என்னைத் தைத்தது.

2018-ல் நான் ஒரு இலக்கிய விழாவுக்குச் சிங்கப்பூர் போயிருந்தேன். ராத்திரி தம்பியிடமிருந்து போன். அம்மா போயிட்டாங்க. அடுத்த விமானத்தைப் பிடித்தேன். நேரே மதுரை. வந்து சேர்ந்தேன், முகம் பார்த்தேன், கொள்ளி வைத்தேன். அதற்காக விமானத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இதை மறைத்துவிட்டு நான் பேசினால் அது பட்டிமன்றம் இல்லை, பொய்மன்றம். எதிரணிக்கு இந்த ஒரு மதிப்பெண்ணை நடுவர் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்த நாலு மணி நேரம்... பக்கத்து சீட்டிலே ஒரு பையன் காதிலே மாட்டிக்கொண்டு வடிவேலு காமெடி பார்த்துச் சிரித்துக்கொண்டே வர்றான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு என்ன தெரியும்? ஒரு பெண் வந்து 'வெஜ்ஜா, சிக்கனா' என்று கேட்டது. நான் பத்திரிகையை விரித்து முகத்தை மூடிக்கொண்டேன். அத்தனை பேர் நடுவிலே, எங்கம்மா செத்துப்போனது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதே மாதிரி எங்க தாத்தாவுக்கு வந்தது 1958-ல். பினாங்கிலே ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். 'மனைவிக்கு சீரியஸ், உடனே வரவும்' என்று தந்தி. கப்பல் வரும்வரை காத்திருந்து ரஜூலாவிலே ஏறினார், டெக்கு டிக்கெட். ஏறினவுடனே இடத்துக்குச் சண்டை! எதிராளி நாகூர்க்காரர், ஒரு பாய். "இது என்ன உங்க வீட்டுத் திண்ணையா?"ன்னு இவர். "இல்லே, உங்க மாமனார் வீட்டுத் திண்ணை"ன்னு அவர். ஒரு பாய் அகலத்துக்கு ரெண்டு பேரும் பேசாத பேச்செல்லாம் பேசியிருக்கிறார்கள்.

மறுநாள் கப்பல் ஆட, தாத்தா தலை தூக்க முடியாமல் கிடந்தார். ஒரு கை வந்து நெற்றியைப் பிடித்தது. இன்னொரு கையிலே எலுமிச்சங்காய் ஊறுகாய். அதே பாய்! மூணாம் நாள் தாத்தா சட்டைப்பையிலிருந்து அந்தத் தந்தியை எடுத்துக் காட்டினார். அதற்கப்புறம் அந்த மனிதர் தாத்தாவைத் தனியாக விடவேயில்லை. கஞ்சி வாங்கி வந்து கொடுத்தார். ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஓதுவார், இவர் முருகா முருகா என்பார். தாத்தா இதைச் சொல்லும்போது சிரிப்பார், "ரெண்டு பேரும் சத்தம் போட்டதிலே சாமி எந்தப் பக்கம் திரும்புறதுன்னு குழம்பியிருக்கும்டா" என்று.

நாகப்பட்டினத்திலே ரஜூலா கரைக்கு வராது. தூரத்திலே நங்கூரம் போட்டு நிற்கும். படகிலேதான் இறங்கி வரணும். படகு கரையை நெருங்குது. கரையிலே எங்க சின்னத் தாத்தா நிற்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எங்கப்பா. அப்பாவுக்கு அப்ப பத்து வயசு. தலை மொட்டை.

யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தலையைப் பார்த்ததும் தாத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பத்தா போய் ரெண்டு நாள் ஆகியிருந்தது. அந்த ரெண்டு நாளும் அவர் கடல் நடுவிலே, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, 'நல்லாயிருப்பா, நல்லாயிருப்பா' என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். விமானமாக இருந்தால் முகம் பார்த்திருப்பார். ஆமாம்.

படகிலேயே சரிந்தவரைத் தாங்கிப் பிடித்து, தோளிலே சாய்த்துக் கரைக்குக் கொண்டுவந்தது அந்த நாகூர்க்காரர். நாகப்பட்டினத்துக்கும் நாகூருக்கும் எவ்வளவு தூரம்? கூப்பிடு தூரம்! அவரை அழைத்துப் போக அவர் மகன் வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். ஆறு வருஷம் கழித்து ஊருக்கு வருகிற மனிதர். மகனிடம் பெட்டியை மட்டும் கொடுத்தார். "உம்மாகிட்டே சொல்லு, நான் மதுரை வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்றார். எங்க தாத்தாவோடு ரயிலேறி வந்து, மூணு நாள் எங்க வீட்டுத் திண்ணையிலே இருந்துவிட்டுத்தான் போனார். அந்தத் திண்ணையிலே இடத்துக்குச் சண்டை வரவில்லை.

எங்கப்பா அவரைக் 'கப்பல் மாமா' என்பார். எனக்கு அவர் 'கப்பல் தாத்தா'. ஒவ்வொரு கந்தூரிக்கும் அவரிடமிருந்து கடிதம் வரும். எங்க தாத்தா 1991-ல் காலமானார். 1999-ல் எனக்குத் திருநகரிலே கல்யாணம். பெரியவர்கள் வரிசையிலே தாத்தாவுக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. எண்பது வயசைத் தாண்டிய கப்பல் தாத்தா, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு நாகூரிலிருந்து வந்து இறங்கினார். நேரே போய் அந்த நாற்காலியிலே உட்கார்ந்தார். பக்கத்திலே இருந்த என் மாமனார், விவரம் தெரியாமல், "ஐயா, இது மாப்பிள்ளையோட தாத்தா இடம்" என்றார்.

"தெரியும். இந்த இடத்துக்கு நான் முன்னாலேயே சண்டை போட்டாச்சு" என்றார் கப்பல் தாத்தா.

(நீண்ட கைதட்டல்)

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. இறங்கிக்கொள்கிறேன்.