கம்பம் எங்கே, குழாய் எங்கே?



லயத்தை விட்டுச் சொந்த மனையில் வீடு கட்டப் புறப்பட்டவர்கள் நம்மில் பலர். சேமநிதிப் பணத்தை எடுக்கிறோம். நகையை அடகு வைக்கிறோம். செங்கலுக்கும் சிமெண்டுக்கும் கணக்குப் போடுகிறோம். வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் போடுவதில்லை. லயத்தில் அவற்றைக் கொடுப்பது 1990ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டப்படி முதலாளியின் கடமை. சொந்த மனையில் அந்தப் பாரம் நம் தலையில்.

ஆகவே, மனைக்கு முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்: கடைசி மின்கம்பம் எங்கே நிற்கிறது? தண்ணீரின் பெரிய குழாய் எங்கே ஓடுகிறது? தூரம் கூடக்கூடச் செலவும் கூடும். இடையில் பிறர் நிலம் இருந்தால் அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். இன்று தகப்பன் சரி என்பார். நாளை நிலம் மகன் கைக்குப் போனதும், கம்பத்தைப் பிடுங்கு என்பான்.

மின்சாரத்துக்கு மனுச் செய்ய வேண்டியவர் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் கண்டிராக்டர். அவர் மூலமாகத்தான் தெனாகா நேஷனலுக்கு மனுப் போகும். வீட்டுக்குள் இழுத்த ஒயரைச் சோதித்துக் கையெழுத்திடுபவரும் தகுதிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். சான்றைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தை எண்ணுங்கள். "தெரிந்த பையன், மலிவாகச் செய்வான்" என்பது நம் தோட்டத்துப் பழக்கம். சோதனைத் தாளில் அந்தப் பையனின் கையெழுத்துச் செல்லாதே!

தண்ணீருக்கு மாநிலந்தோறும் வேறு வாசல். சிலாங்கூரில் ஆயர் சிலாங்கூர்; பேராக்கில் லெம்பாகா ஆயர் பேராக். அங்கும் உரிமம் பெற்ற குழாய்க்காரர் வேண்டும். சாலையை வெட்டுவதானால் அதற்குத் தனி அனுமதி. இரண்டுக்கும் முன்வைப்புத் தொகை உண்டு. அதையும் ஒதுக்கி வையுங்கள்.

"முதலில் கூரை ஏறட்டும், பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொள்ளலாம்" என்பாரும் உண்டு. ஆபத்து ஒருபுறம், மாதாமாதம் பில் சண்டை மறுபுறம். இன்னொன்றும் கேளுங்கள். 2007 முதல், வீடு கட்டி முடிந்ததற்கான சான்றிதழை வேலைக்குப் பொறுப்பேற்ற தகுதி பெற்ற நிபுணர்தான் தருகிறார். தண்ணீரும் மின்சாரமும் கிடைத்தது உறுதியாகாமல் அவர் தரமுடியாது. சான்றிதழ் இல்லாத வீட்டில் குடியேறுவது குற்றம். கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு, வாடகை வீட்டில் காத்திருக்க நமக்குக் கட்டுமா?

மனை பார்த்து வைத்திருப்போர் கெரான் நகலையும், கண்டிராக்டர் கொடுத்த விலைத்தாளையும் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். மலாயில் கடிதம் எழுதிப் பழகிய கிராணிமார் நாங்கள் இருக்கிறோம். விலைத்தாளில் கையெழுத்துப் போடுமுன் வாருங்கள்.