பழைய டீசல் காரின் கியர்ப் பெட்டி

பிறந்த ஊரை விட்டுச் சித்தூர், திருப்பதிப் பக்கங்களில் குடியேறிய நம்மவரிடையே, பழைய அம்பாஸடர் டீசல் காரை இன்னும் பேணி வருவோர் உளர். கியர்ப் பெட்டி தேய்ந்துவிட்டால் மாற்றுப் பாகத்திற்கு எங்கே போவது என்பதே அவர்களுடைய கவலை. அதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியை அடியொற்றி, வங்கத்தின் உத்தரபாராவில் உருவானது அம்பாஸடர். 1980-ஆம் ஆண்டை ஒட்டி 1489 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் அதில் இடம்பெற்றது. 2014 மே மாதத்தில் உற்பத்தியே நின்றுபோயிற்று. தொழிற்சாலை நின்றால் உதிரிப் பாகங்களும் நாளடைவில் அருகிப்போவது இயல்புதானே!

சமவெளியில் இது சிறு தொல்லை. மலைப்பாதையிலோ உயிர்ப் பிரச்சினை. திருமலைக்கு 1944-இல் அமைந்த முதற் பாதை இன்று இறங்குவதற்குப் பயன்படுகிறது. பலமனேரியிலிருந்து சித்தூருக்கு வருவோர் மொகிலி மலைச்சரிவில் இறங்குகின்றனர். அங்கெல்லாம் தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். நடுவழியில் கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டால், பாரம் முழுவதும் பிரேக்கின் மீது விழும். பிரேக் சூடேறினால் பிடிப்புத் தளரும். பிறகு நேரக்கூடியதைச் சொல்லவும் வேண்டுமோ?

கியர் கழல்கிறது என்றவுடன் பெட்டி முழுவதும் பழுது என்று முடிவு கட்டிவிடலாகாது. கியரை நிலைநிறுத்தும் சிறு குண்டும் சுருள்வில்லும் தளர்ந்திருக்கலாம். பெட்டியைத் தாங்கும் ரப்பர் நைந்திருக்கலாம். இவற்றை முதலில் பார்ப்பது சிக்கனம்.

பெட்டியைத் திறந்தால், பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பேரிங்கும் ஆயில் சீலும் பெரும்பாலும் பொது அளவுகளில் வருவன. காரின் பெயர் மறைந்தாலும் அவ்வெண்ணைக் காட்டிக் கடையில் வாங்கலாம். கிளட்ச் தட்டுக்குப் புதிய லைனிங் ஒட்டவோ தறையவோ இயலும்.

பித்தளை வளையமும் பற்சக்கரமும்தாம் அரியவை. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கடைகளைத் தேடுவது ஒரு வழி. ஒரு பாகத்தை மட்டும் தேடாமல், கிடைத்தால் முழுப் பெட்டியாகவே வாங்கி வைப்பது மேல். ஒன்றின் நல்ல பாகங்கள் மற்றதற்கு உதவும். பற்சக்கரத்தைப் புதிதாகச் செய்விப்பதானால், அதனோடு இணைந்து சுழலும் சக்கரத்தையும் சேர்த்தே செய்விக்க வேண்டும். பல் வெட்டினால் மட்டும் போதாது. மேற்பரப்பு கடினமாகும்படி வெப்பப் பதம் செய்யாவிடில் விரைவில் தேய்ந்துவிடும்.

இசுஸு ஐந்து கியர்ப் பெட்டியைப் பொருத்தலாமே என்பார் உளர். எஞ்சினோடு இணையும் கூடு, பின்னே செல்லும் தண்டின் நீளம், தாங்கும் சட்டம் ஆகியவை பொருந்துமா என்று அளந்த பின்னரே விலை பேச வேண்டும்.

பின்னச்சுக்குரிய எண்ணெயைக் கியர்ப் பெட்டியில் ஊற்றுவதும் தவறு. அதிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளையை அரிக்கக்கூடும். கையேடு சொல்லும் எண்ணெயே ஏற்றது.

வேலை முடிந்ததும், ஆளில்லாச் சிறு சரிவில் சோதித்துப் பார்த்த பின்னரே குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு மலைக்குச் செல்ல வேண்டும். கியர் இன்னமும் கழலுமாயின், வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் செல்வோம். பழைய வண்டியின் மீது வைத்த அன்பு, அதில் ஏறுவோர் மீது வைத்த அன்பை விஞ்சலாகாது.