மணவிழாவும் ஊரார் சாட்சியும்

இல்லறம் புகுவது இருவரின் சொந்தக் காரியமெனில், அதற்கு ஊர் கூடுவானேன்? இவ்வினாவுக்கு, தொலைவில் வாழும் இரு மக்களினத்தார் தத்தம் சடங்குகளாலேயே விடை கூறுகின்றனர். ஒருவர் ஆங்கிலேயர், மற்றவர் மத்திய ஆசியாவின் உஸ்பெக் மக்கள்.

இங்கிலாந்துத் திருச்சபையின் மரபுப்படி, மணநாளுக்கு முன்னர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மணமக்களின் பெயர்கள் ஆலயத்தில் வாசிக்கப்படும். தமிழ்க் கிறிஸ்தவர் இதனை ஓலை வாசித்தல் என்பர். மணத்துக்குத் தடை அறிந்தோர் அதனை வெளிப்படக் கூறலாம். இது வெறுஞ் சம்பிரதாயமன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், லண்டனில் பிளீட் சிறைச்சாலையைச் சூழ்ந்த இடங்களில் இரகசியத் திருமணங்கள் காசுக்கு நடத்தப்பட்டன. இத்தகைய மணங்களைத் தடுக்கவே 1753இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. ஓலை வாசியாமலும் அனுமதிப்பத்திரம் பெறாமலும் செய்த மணம் செல்லாதென்றது அச்சட்டம். 1837 முதல் பதிவாளர் முன்னிலையில் மணம் முடிக்கவும் வழி பிறந்தது. அங்கும் இரு சாட்சிகள் இன்றியமையாதோர்.

உஸ்பெக் நாட்டிலோ, சாட்சி கூறுவது மகல்லா எனப்படும் அயலார் சமூகம். நிச்சயதார்த்தத்தின்போது இரு வீட்டுப் பெரியோரும் பிரார்த்தித்து ரொட்டியைப் பிட்கின்றனர். பிட்ட ரொட்டி மீண்டும் ஒன்றாகாது. கொடுத்த வாக்கையும் மீட்டல் தகாது. மணவிருந்துக்கு முதல்நாள் அயலார் கூடிக் கரட் நறுக்குவர். மறுநாள் வைகறைத் தொழுகையின் பின், பெருங்கொப்பரையிற் சமைத்த பலோவ் என்னும் இறைச்சிச்சோறு ஆடவர்க்குப் பரிமாறப்படும். பலோவ் சமைத்துப் பகிரும் இம்மரபை 2016இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மணமகள் புக்ககம் வந்ததும், உறவினர் ஒவ்வொருவருக்கும் தலைதாழ்த்தி வணக்கஞ் செலுத்துவாள்.

ஆங்கிலேயர் செவியாற் சாட்சியாகின்றனர். உஸ்பெக் மக்கள் கையுழைப்பாலும் உணவாலும் சாட்சியாகின்றனர். முறை வேறாயினும் கருத்து ஒன்றே: மறைவிற் கொடுத்த வாக்கு எளிதில் முறியும், பலரறியக் கொடுத்த வாக்குக்குக் காவல் உண்டு.

ஆயினும் இக்காவலே சில வேளைகளிற் சுமையாகிறது. அயலார் மதிப்பிற் குறைந்துவிடலாகாதென்று அஞ்சி, கடன்பட்டு விருந்திட்ட உஸ்பெக் குடும்பங்கள் பல. இவ்வாடம்பரத்தைக் கட்டுப்படுத்த 2019இல் அந்நாட்டுப் பாராளுமன்றமே தீர்மானம் நிறைவேற்றியது. சாட்சியாக வருவோர்க்கு வேண்டுவது பெரும் பந்தியன்று. மணமக்கள் பின்னொருநாள் இடர்ப்படுங்கால், அன்று கூடியிருந்தோருள் எத்தனை பேர் அவ்வீட்டு வாயிலை நாடி வருவர் என்பதே அவ்விழாவின் சிறப்பை அளக்கும் கோல்.