குதிரையேறிய இசைக்கு ஒரு வெள்ளிப் பதக்கம்



ஒரு மனிதரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. அவருக்கு ஒரு பெயர் அல்ல, நூறு பெயர் உண்டு. விக்டோரியா மகாராணி காலத்துப் பிரிட்டிஷ் குதிரைப்படையில் ஒரு ரெஜிமெண்டின் பேண்டு மாஸ்டர் அவர். மார்பில் பெரும்பாலும் ஒரே பதக்கம். வெள்ளிப் பதக்கம், செந்நிற நாடா. எந்தக் கோட்டையைப் பிடித்தார் என்று அதில் இருக்காது. நீண்ட பணிக்கும் நன்னடத்தைக்கும் என்று மட்டுமே பொறித்திருக்கும்.

நான்காம் வில்லியம் மன்னர் 1830-இல் ஏற்படுத்திய பதக்கம் அது. தொடக்கத்தில் என்ன விதி தெரியுமா? காலாட்படைக்காரன் 21 ஆண்டு உழைக்க வேண்டும். குதிரைப்படைக்காரன் 24 ஆண்டு உழைக்க வேண்டும்! 1870-இல்தான் 18 என்று குறைத்தார்கள். ஒரு நாள் வீரனாக நிற்பது பெரிது, நான் மறுக்கவில்லை. பதினெட்டு ஆண்டு, இருபத்து நான்கு ஆண்டு, கறைபடாமல் நிற்பது அதைவிடப் பெரிது! தட்டுங்கள், எனக்காக அல்ல, அந்த மனிதருக்காகத் தட்டுங்கள்!

அண்மையில் வேறொரு மேடையில் ஒரு பேச்சாளர் முழங்கியிருக்கிறார்: பேண்டுக்காரன் போர்க்களம் பார்க்காதவனாம், அவனுக்கு எதற்குப் பதக்கம் என்று கேட்டாராம். ஐயா, நீங்கள் குதிரைமேல் ஏறியதுண்டா? இரண்டு கையாலும் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியதுண்டா? முரசுக் குதிரையில் இருப்பவருக்கு இரண்டு கையும் முரசுக்கே சரி. கடிவாளவாரை அங்கவடியோடு கட்டி, காலாலேயே குதிரையை நடத்துகிறார். உங்களால் தரையில் நின்றே தாளம் போட முடியாது!

போர்க்களமா கேட்டீர்கள்? 1854 அக்டோபர் 25, கிரிமியப் போரின் பாலக்லாவா களம். ரஷ்யப் பீரங்கிகளுக்கு நேரே அறுநூறு சொச்சம் குதிரைவீரர்கள் பாய்ந்தார்கள். அவர்களோடு 17-ஆவது லான்சர் படையின் எக்காளக்காரர் மார்ட்டின் லான்ஃப்ரீடும் பாய்ந்தார். 36 ஆண்டு கழித்து, 1890-இல், எடிசனின் ஒலிப்பதிவுக் கருவிமுன் நின்று அதே பாய்ச்சல் முழக்கத்தை ஊதினார். எதற்காக? அந்தப் பாய்ச்சலில் பிழைத்து வந்தவர்கள் பலர் சோற்றுக்கு வழியில்லாமல் கிடந்தார்கள். அவர்களுக்கான நிதிக்காக! ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலும் அதற்காகவே குரல் கொடுத்தார். நெஞ்சில் பதக்கம், வயிற்றில் பசி. இந்த அநியாயத்தைச் சொல்லாமல் எப்படி நகர்வேன்?

இன்னொருவர், காலாட்படைக்காரர், தாமஸ் ரெண்டில். பேண்டில் வாசித்தவர். 1914 நவம்பரில் பெல்ஜியத்துப் பதுங்குகுழியில், குண்டுமழைக்கு நடுவே, காயம்பட்டவர்களைக் காப்பாற்றி விக்டோரியா கிராஸ் வாங்கினார். போர் வந்தால் பேண்டுக்காரர்கள் வாத்தியத்தை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். மேடைக்கு மேடை வீரம் பேசுபவர்கள் இதையும் படித்துவிட்டு வரட்டும்!

சரி, பேண்டு மாஸ்டரிடம் வருகிறேன். அதே 1854-இல், மே 24, மகாராணியின் பிறந்தநாள். இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் ஸ்கூட்டாரியில் பெரும் அணிவகுப்பு. நேச நாட்டுத் தளபதிகள் நிற்க, எல்லா பேண்டுகளும் சேர்ந்து தேசிய கீதம் வாசித்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் வாசித்ததாம்! அன்றைய பேண்டு மாஸ்டர்களில் பலர் அதிகாரிகள் தம் கைக்காசில் அமர்த்திய வெளிநாட்டவர்கள். பொதுப் பயிற்சி கிடையாது. அந்த வெட்கத்துக்குப் பிறகு கேம்பிரிட்ஜ் கோமகன் முன்நின்று, 1857-இல் லண்டன் அருகே நெல்லர் ஹாலில் ராணுவ இசைப்பள்ளியைத் தொடங்கினார்.

சுருதி தப்பிய அந்தக் கீதம் இருக்கிறதே, அதற்கும் வெகுமுன்பே, சென்னைக் கோட்டை பேண்டுகளின் மெட்டுகளைக் கேட்டு உள்வாங்கிய நம் முத்துசுவாமி தீட்சிதர், அந்த மெட்டிலேயே 'சந்ததம் பாஹிமாம்' என்று சாகித்யம் செய்துவிட்டார்! நல்ல இசை எந்தக் கொடியின்கீழ் ஒலித்தாலும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும் மண் இது!

மீண்டும் பேண்டு மாஸ்டர்களிடம் வருகிறேன். காட்ஃப்ரே குடும்பத்தைக் கேளுங்கள். தந்தை சார்லஸ், கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் பேண்டு மாஸ்டர். 1860-களில் அவருடைய பிள்ளைகள் மூவர் ஒரே காலத்தில் மூன்று கார்ட்ஸ் படைகளின் பேண்டுகளை நடத்தினார்கள். அவர்களில் தந்தை பெயரையே கொண்ட சார்லஸ், 1868-இல் குதிரைப்படைக்கு மாறி, ராயல் ஹார்ஸ் கார்ட்ஸ் பேண்டை 1904 வரை நடத்தினார். 36 ஆண்டு! அவருடைய அண்ணன் டேன்தான் 1887-இல் அதிகாரிப் பதவி பெற்ற முதல் பேண்டு மாஸ்டர். அதற்கு அவர் பேண்டு மாஸ்டராக 31 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

என் மனிதருக்கோ அதுவும் கிடைக்கவில்லை. 1881-இல் வாரண்ட் அதிகாரி என்றார்கள், அதோடு சரி. விருந்தில் அதிகாரிகள் உண்ணும்போது வாசித்தார். அந்த மேசையில் அவருக்கு நாற்காலி இல்லை. அவர் கையில் பயின்ற இளைஞர்கள் வாசித்தார்கள், அணிவகுத்தார்கள், அடிபட்டவர்களைத் தூக்கினார்கள். பெயர் ரெஜிமெண்டுக்குப் போனது.

1994-இல் பிரிட்டிஷ் ராணுவம் தன் பேண்டுகளை 69-லிருந்து 30 ஆகக் குறைத்தது. 2021-இல் இசைப்பள்ளி நெல்லர் ஹாலை விட்டே போய்விட்டது. செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது எந்த நாட்டிலும் வாத்தியக்காரன்தான்.

அன்பர்களே, இந்தச் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவுக்கும் பேண்டு வரும். தலைவர்களை ஊர்வலமாக அழைத்துவந்துவிட்டு அவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். அப்படி நிற்கவிடாதீர்கள். அந்த மாஸ்டரை மேடைக்கு அழையுங்கள், எத்தனை ஆண்டாக வாசிக்கிறார் என்று கேட்டு ஊரறியச் சொல்லுங்கள், பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வையுங்கள்.