ஆடலும் ஆடையும்



இராயபுரத்துக் கடலுக்கும் பாரிசு மாநகரத்து ஆடலரங்கிற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். துணிதான் தொடர்பு. 1639இல் ஆங்கிலேயக் கம்பெனி இக்கரையில் இடம் தேடியதே, இங்கே நல்ல துணி மலிவாகக் கிடைத்ததால்தான். கம்பெனியின் துணிகளை வெளுத்தோர் வாழ்ந்தமையால் வண்ணாரப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது. செயற்கைத் துறைமுகம் எழும்பாத அந்நாளில் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள் அலையைக் கடந்து துணிப்பொதிகளைக் கொண்டுசேர்க்கும். தைத்த படகில் தைக்காத துணி போயிற்று.

போன துணி ஐரோப்பியரின் உடையை மாற்றியது. வண்ணம் தீட்டிய சோழமண்டலத் துணிக்கு மக்கள் மயங்கியதைக் கண்டு, உள்நாட்டு நெசவைக் காக்க 1721இல் இங்கிலாந்து அதற்குத் தடை விதித்தது. மஸ்லினுக்கு விலக்களித்தது. இவ்விலக்கு ஆடற்கலைக்கும் பயன்பட்டது என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

பாலே என்னும் ஆடல் அரசவையில் பிறந்தது. அதன் தொடக்ககால ஆடையும் அரசவையின் ஆடையே: இடுப்பின் இருபுறமும் விரிந்த கூடுகள், கனத்த பட்டு, குதியுயர்ந்த காலணி. அதற்குள்ளிருந்து உடல் எப்படிப் பேசும்? மாரி கமார்கோ என்பவர் தம் கால்வேலை தெரியவேண்டும் என்பதற்காகப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தினார். அவர்காலத்து மாரி சாலே 1734இல் இலண்டனில் இன்னும் துணிந்தார். கூட்டை நீக்கி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, எளிய மஸ்லின் ஆடையில் ஆடினார். அக்காலத்தில் மெல்லிய மஸ்லின் வங்கத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் சென்ற சரக்கு. அரை நூற்றாண்டு கழித்து, 1783இல், பிரெஞ்சு அரசி மாரி அந்துவானெத் வெள்ளை மஸ்லின் உடுத்திய ஓவியம் காட்சிக்கு வந்தபோது, உள்ளாடையுடன் அரசி நிற்பதாக ஊர் தூற்றியது. புரட்சிக்குப் பின்னரோ அதுவே நாகரிகமாயிற்று. மகளிர் கிரேக்கச் சிலைபோல் மெல்லாடை உடுத்தினர். ஆடரங்கும் அவ்வழியே சென்றது. அரங்கு தெருவைப் பார்ப்பதும் தெரு அரங்கைப் பார்ப்பதும் என்றும் உள்ளனவே.

அதற்குள் இங்கிலாந்தின் இயந்திரங்களும் மஸ்லின் நெய்யத் தொடங்கிவிட்டன. 1832இல் மாரி தாலியோனி ‘லா சில்பீது’ நாடகத்தில் மணிவடிவ வெண்பாவாடையில் தோன்றி, பாலே என்றதும் இன்று நம் கண்முன் நிற்கும் உருவத்தை நிலைநாட்டினார். அந்த மென்மைக்கு விலையும் இருந்தது. 1862இல் எம்மா லிவ்ரி என்னும் இளநங்கையின் ஆடை ஒத்திகையில் எரிவாயு விளக்கில் பற்றிக்கொண்டது. மறு ஆண்டு மாண்டார். தீப்பற்றாத மருந்தில் தோய்த்தால் ஆடையின் அழகு கெடும் என்று அவர் முன்னரே மறுத்திருந்தார்.

இவ்வரலாற்றில் நம்மைத் தைக்கும் பகுதி ஒன்றுண்டு. நம் கோயில் ஆடல்மகளிரை ஐரோப்பியர் ‘பயாதேர்’ என்றனர். 1830இல் தாலியோனியே பயாதேராக வேடமிட்டு ஆடினார். 1838இல் கடலூர்ப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து அம்மணி முதலிய உண்மையான ஆடல்மகளிர் பாரிசுக்கே சென்று, தம் சொந்த உடையில் ஆடினர். கோத்தியே என்னும் எழுத்தாளர் வியந்து எழுதினார். பார் என்னும் சிற்பி அம்மணிக்குச் சிலை வடித்தார். பின் என்னவாயிற்று? 1877இல் பீட்டர்சுபர்க்கில் ‘லா பயாதேர்’ அரங்கேறியபோது, கோயில் ஆடல்மகளின் ஆவி வெள்ளைப் பாலே உடையில்தான் தோன்றியது. துணி வணிகத்தில் பல வண்ணக் குறுக்குப்பட்டைத் துணிக்குப் ‘பயாதேர்’ என்று பெயர் நிலைத்தது. ஆளை விட்டுப் பெயரை எடுத்துக்கொண்டனர்.

இருபதாம் நூற்றாண்டில் அலை திரும்பி வந்தது. 1910இல் பாரிசில் ‘ஷெகரசாதே’ நாடகத்திற்குப் பாக்ஸ்டு வரைந்த கீழைநாட்டு உடைகள் பாரிசுத் தையற்கூடங்களைக் கவர்ந்தன. ஆன்னா பாவ்லோவா 1923இல் உதயசங்கருடன் இந்தியக் கருப்பொருளில் ஆடினார். அந்தப் பாவ்லோவாவே ருக்மிணிதேவிக்குத் தூண்டுகோலானார்; அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணிதேவி பாலே பயின்றார். பின்னர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் கற்று, 1935 திசம்பரில் அடையாற்றில் மேடையேறினார். பழைய ஆடல்மகளிர் காற்சட்டையின் மேல் சரிகைப் புடவையைச் சுற்றி உடுத்தி ஆடிவந்தனர். ருக்மிணிதேவி அதை ஏற்கவில்லை. கோயிற் சிற்பங்களைப் பார்த்து, மதாம் காசான் என்னும் இத்தாலியத் தையற்கலைஞரின் துணையுடன், காஞ்சிப் பட்டை வெட்டித் தைத்துப் புதிய உடை அமைத்தார். அரைமண்டியில் முழங்கால் விரியும்போது நடுவிலுள்ள மடிப்பு விசிறிபோல் விரியும், எழுந்தால் மடங்கும். உடலின் கணக்கறிந்து செய்த வேலை அது. கலாட்சேத்திரத்தின் தறிகளில் மீண்டும் நெய்யப்பட்ட அகன்ற கரைகளும் கோபுரக் கரைகளும் மணமேடைப் புடவைகளிலும் ஏறின.

அது அழகிய உடை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை ஆயிரமாண்டு மரபு என்பது பிழை. பழைய உடையை அநாகரிகம் என்று ஒதுக்கியது அதனினும் பெரிய பிழை. உடையோடு உடுத்தியவரும் ஒதுக்கப்பட்டார். திருவொற்றியூர்க் கோயிலின் பதினான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பதியிலாரும் தேவரடியாரும் தத்தம் பணியுரிமைக்காக வழக்காடியதைச் சொல்கிறது. கோயிலில் தம் இடம் எது என்று கேட்டு நின்ற மகளிர் அவர்கள். இசை வேளாளர் மரபில் வந்த பாலசரசுவதி, புதுமுறை பரவிய பின்னும் பழைய புடவைக்கட்டின் போக்கிலேயே உடுத்தி ஆடினார். அந்த உடையில் குறையேதும் இல்லை என்பதற்கு அவருடைய அபிநயத்தைவிட வேறு சான்று வேண்டுமா?

1935இன் உடை இன்று வாடகைக்குக் கிடைக்கிறது. பள்ளி ஆண்டுவிழா நாளில் வண்ணாரப்பேட்டைச் சிறுமியும் தண்டையார்பேட்டைச் சிறுமியும் அதே விசிறி மடிப்பை அணிந்து மேடையேறுகின்றனர். பட்டுக்குப் பதில் செயற்கை இழை; இடுப்பில் எந்தக் குழந்தைக்கும் பொருந்துமாறு கொக்கியும் நாடாவும்.